நான் மாற்றிக் கேட்ட கேள்வி

பக்கத்து வீட்டுப் பிள்ளை முதன்முதலாக "அம்மா" என்று விளித்தபோது நான் கிணற்றடியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தெளிவான விளி இல்லை அது. மூக்கில் ஏறி, எங்கேயோ தடுக்கி விழுந்து வந்த விளி. ஆனாலும் அம்மாதான். மூன்று வயது வரைக்கும் பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்பாத பிள்ளை. இரண்டு காதிலும் மெஷின் வைத்து, அவனுக்க அம்மை ஒரு வருஷம் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி ஏறி அலைந்து, அன்றைக்கு விளித்தான். அவள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து மண்ணிலேயே இருந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மாமி, கேட்டியளா? விளிச்சான், கேட்டியளா?"

"கேட்டேன் மக்கா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். என் கையிலிருந்த சாளையின் தலை வேண்டாத இடத்தில் பிய்ந்து வந்திருந்தது.

என் மகள் எனக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் கோரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. அவள் என்னை ஒரு தடவைகூட விளித்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி அழுவதைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று என்னிடம் கையால் கேட்டாள். யாரும் சாகவில்லை, அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி என்று காட்டினேன். நடந்ததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பொறாமைக்குக் குசும்பு என்று பேர். பாறசாலைக்காரர்கள் மலையாளத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அதேதான். ஜெபக் கூட்டத்தில் மற்றவர்கள் எழுந்து நின்று கள்ளம் பேசியதை, கோபப்பட்டதை எல்லாம் அறிக்கையிடுவார்கள். குசும்பு உண்டு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாயே வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் பிறந்தபோது வயம்பும் பொன்னும் தேனில் இழைத்து நாக்கில் வைத்தோம். பிள்ளை நல்லாப் பேசும் என்பார்கள். இரண்டு வயதாகியும் பேசவில்லை. நாக்குக்கு அடியில் நரம்பு ஒட்டியிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், இந்த வீட்டில் சிலருக்குப் பேச்சு தாமதம் என்று என் மாமியார் சொன்னாள். மெடிக்கல் காலேஜில்தான் விஷயம் தெரிந்தது. அவளுக்க அப்பன் ரப்பர் வெட்டுகிறவர். ரிப்போர்ட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு சாயா வாங்கித் தந்தார்.

பேச்சு இல்லையென்றாலும் எங்களுக்குள் பேசுவதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவளும் நானும் சேர்ந்து உண்டாக்கினோம். என் தாடையில் ஒரு மறு உண்டு. அதைத் தொடுகிற மாதிரி தன் தாடையில் விரல் வைத்தால் அம்மை. மரப்பட்டையைக் கீறுகிற மாதிரி காட்டினால் அப்பன். தலையில் கூடை பிடித்தால் பூவாறிலிருந்து மீன் கொண்டு வருகிறவள். தாடைக்கு அடியில் பெருவிரலால் சுண்டினால் வேண்டாம். இப்படி எத்தனை என்று எண்ணிப் பார்த்ததில்லை. கடைக்காரன், தையல் கற்றுக் கொடுத்தவள், போதகர், எல்லாரும் அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்ப்பார்கள். "என்ன சொல்லுகா?" என்பார்கள். சபையில் வாய் திறக்காத நான் அப்போது வாய் திறப்பேன். அவள் அப்பன் செத்துப்போன பிறகு இந்த உலகத்திலேயே அவள் பேச்சு தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஊரில் என்னை நாலு பேர் தேடியதென்றால் அதற்காகத்தான்.

இனி மதிலுக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டுக்காரி பி.ஏ. படித்தவள், மாப்பிள்ளை கல்ஃபில். கார் வாங்காமலே அவர்கள் ஒரு கார் ஷெட் கட்டிப் போட்டிருந்தார்கள். மகன் பேச ஆரம்பித்த செய்தி பரவி, அமரவிளையிலிருந்து ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் குளத்தூரிலிருந்து ஒருத்தி. கார் ஷெட்டில் பாய் விரித்து, சிட்டியில் தான் படித்து வந்ததை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் மிளகு காயப் போடுகிற சாக்கில் மதிலோரம் நின்று பார்ப்பேன்.

பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒருத்தி தட்டத்தில் தட்டுவாள். சத்தம் கேட்டால் பிள்ளை ஒரு வளையத்தை எடுத்துக் குச்சியில் போட வேண்டும். பேசும்போது அம்மைமார் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். உதட்டைப் பார்த்துப் பழகக் கூடாதாம், காதால்தான் கேட்க வேண்டுமாம். இன்னொன்று, வீட்டில் ஒரு பாஷைதான் பேச வேண்டும். அதில்தான் தினமும் சண்டை.

"எனக்கு மலையாளம் வழங்காது டீச்சர். அதுக்க அப்பனுக்குத் தமிழ் வழங்காது."

"பின்ன கல்யாணம் எப்பிடி நடந்து?"

"அதுக்குப் பேச்சு எதுக்கு?"

கார் ஷெட் முழுக்கச் சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் குச்சியில் ஒவ்வொரு வளையம் விழும்போதும் என் வயிற்றில் ஒரு எரிச்சல். என் பிள்ளை சின்னதாக இருந்தபோது இந்த மதில் இருந்தது, இந்தக் கிணறு இருந்தது, அந்தத் தட்டம் மட்டும் இல்லாமல் போயிற்றே என்று. டாக்டரிடம் கேட்டுவந்து அவளே ஒரு நாள் எனக்குச் சொன்னாள்: "மாமி, இனி மெஷின் வச்சாலும் அக்காவுக்குச் சத்தம் வரும், பேச்சு வராது. வயசு போச்சு." நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கார் ஷெட் போதாமல் சர்ச்சின் பழைய சண்டே ஸ்கூல் கட்டிடத்தைக் கொடுத்தார்கள். டிரஸ்ட் ஆயிற்று, இரண்டு பாஷையில் போர்டு வந்தது, ஒரு வேன் வந்தது. ஸ்பாஞ்ச் ஒட்டிய சுவரோடு சத்தம் பரிசோதிக்க ஒரு முறி கட்டினார்கள். ஆபரேஷன் பண்ணித் தலையில் காந்தம் வைத்த பிள்ளைகளும் வந்தார்கள். தூரத்திலிருந்து வருகிற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் மத்தியானம் கஞ்சி வேண்டும் என்று ஆனபோது அவள் என்னை வந்து விளித்தாள்.

"மாமி கஞ்சியும் பயறும் வச்சுத் தந்தா போதும். வேற ஆளுகிட்ட குடுக்க மனசில்ல."

போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மதில் வழியாகப் பார்த்தது போதவில்லை. கிட்ட நின்று பார்க்க வேண்டும் போல இருந்தது. புண்ணைச் சொறிகிற மாதிரி. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நன்றாகத் தைப்பாள். மெஷின் கழன்று விழாமல் பிள்ளைகள் கட்டிக்கொள்கிற தலைப்பட்டை, நெஞ்சில் தொங்கப் போடுகிற சின்னப் பை, எல்லாம் அவள் தைத்துக் கொடுத்தாள்.

அங்கே ஒரு சட்டம். கை காட்டக் கூடாது. கை காட்டிப் பழகினால் பிள்ளை வாயைத் திறக்காது என்று சிட்டியில் படித்து வந்தவள் அடுத்த வீட்டுக்காரி. தாய்மார் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசிப் பழகினார்கள். அதனால் என் மகளின் தையல் மெஷினை அடுக்களைக்குப் பின்னால் உள்ள முறியில் போட்டாள்.

"தப்பா நெனைக்கப்பிடாது மாமி. பிள்ளைய பாத்தா அதுவும் கைய ஆட்டத் தொடங்கும். அதாக்கும்."

நான் தலையை ஆட்டினேன். தப்பாகத்தான் நினைத்தேன். என் மகளின் கை என்ன, அம்மை நோயா, பார்த்தால் ஒட்டிக்கொள்ள? அன்றைக்குப் பயறில் உப்பு கூடிப்போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படி வருஷங்கள் போயின. ஒவ்வொரு பிள்ளையும் முதல் வார்த்தை சொல்லும் நாளில் தாய் அடுக்களைக்கு ஓடி வந்து எனக்குச் சொல்வாள். "மாமி, வெள்ளம்ணு சொல்லிட்டு மாமி!" "மாமி, பூச்சைய பாத்து பூச்சைண்ணு சொல்லிச்சு!" தண்ணீரானாலும் பூனையானாலும் நான் அவளுக்கு இரண்டு அகப்பை கஞ்சி கூட ஊற்றுவேன். வாயில் ஸ்தோத்திரம் இருக்கும். உள்ளே, உனக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்றிருக்கும்.

அப்புறம் பூவாறிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தது. ஒன்பது வயசு. தாமதமாக வந்த பிள்ளை. மெஷின் வைத்தார்கள். சத்தம் கேட்டது, ஆனால் பேச்சு ஒன்றும் மனசிலாகவில்லை. வளையம் போடும் இடத்தில் கல் மாதிரி இருக்கும். ஒரு நாள் அது எழுந்து, யாரும் பார்க்காமல் பின் முறிக்குள் போய்விட்டது. நான் கஞ்சிக்குத் தேங்காய்ச் சம்மந்தி அரைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தேன். என் மகள் தையலை நிறுத்திவிட்டு, அதற்கு மீன் எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை மீனைப் பிடித்துக்கொண்டது. பிறகு தன் அப்பன் வலை வீசுவதைக் காட்டிற்று. வலையில் வந்த மீன் அப்பன் மூக்கைக் கடித்ததாகக் காட்டிற்று. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பின்னிருந்த மெஷின் எண்ணெய்க் குப்பி உருண்டு விழுந்தது.

வாசலில் அடுத்த வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். இப்போது ஏசுவாள் என்று நினைத்தேன். ஏச வேண்டும் என்றுகூட எனக்குள் ஒரு ஆசை இருந்தது, எனக்கும் திருப்பிச் சொல்ல ஒரு காரணம் கிடைக்குமே. அவள் ஏசவில்லை. வெறும் தரையில் இருந்து, அந்தப் பிள்ளையின் கையையே பார்த்தாள். பிறகு என்னிடம், "ஆறு மாசமா நான் இந்தப் பிள்ளைக்க பல்ல பாத்ததில்ல மாமி" என்றாள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் சிட்டியிலிருந்து ஒரு டீச்சர் வர ஆரம்பித்தாள். அவளுக்கும் காது கேட்காது. ஜீன்ஸ் போட்டு, முதுகில் பையோடு, தனியாக டிரெயினில் வந்து இறங்குகிற பெண். கைப்பேச்சு சொல்லிக் கொடுப்பதுதான் அவள் வேலை. மெஷினால் பேச்சு வருகிற பிள்ளைகளுக்கு மெஷின், வராத பிள்ளைகளுக்குக் கை, இரண்டும் இருக்கட்டும் என்று சட்டத்தை மாற்றினாள் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. தானும் பிள்ளைகளோடு இருந்து படித்தாள். என் மகளைப் பின் முறியிலிருந்து முன்னால் கொண்டு வந்து வைத்தாள்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். அதுவரை பேச்சு கிடைத்த பிள்ளைகளின் மேல் இருந்த குசும்பு இப்போது திசை திரும்பிற்று.

என் மகள் அந்த டீச்சரை விட்டு விலகமாட்டாள். முதலில் இரண்டு பேரின் கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நாலு சனிக்கிழமையில் ஒத்துவந்தது. பத்து சனிக்கிழமையில் இரண்டு பேரும் பேசுவதை நான் பார்த்தால் நாலு குருவி ஒரே நேரத்தில் பறக்கிற மாதிரி இருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருஷத்துக்குப் பக்கம் அவள் கையிலிருந்து வந்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். இப்போது என் கண்ணுக்கு முன்னாலேயே தெரியவில்லை.

ஒரு நாள் வீட்டில் அவள் என்னைக் கூப்பிட, தாடையைத் தொடாமல் மூக்கின் பக்கத்தில் விரலை வைத்தாள். மூக்குத்தி போடுகிற இடத்தில். என்ன என்று கேட்டேன். அதுதான் அம்மாவாம், டீச்சர் சொன்னாளாம். எங்கள் குடும்பத்தில் யாரும் மூக்குத்தி போட்டதில்லை. அது வேறு யாருடையோ அம்மா என்று காட்டினேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. கஞ்சி முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த நேரம். அடுத்த வீட்டுக்காரி என்னையும் மகளையும் ஆபீஸ் முறிக்கு விளித்தாள். டீச்சர் அன்று வரவில்லை.

"மாமி, ஒரு நல்ல காரியம். சின்னப் பிள்ளையளுக்குக் கை சொல்லிக்குடுக்க நமக்கு இங்கயே ஒரு ஆளு வேணும். சிட்டியில டீச்சருக்க கூட ஒரு ஹாஸ்டல்ல நிண்ணு, ஆறு மாசம் படிச்சா போதும். எல்லாரும் காது கேக்காத பெண்பிள்ளையளாக்கும். மாசம் ரெண்டு வட்டம் வீட்டுக்கு வரலாம். அது முடிஞ்சா அக்கா இங்க டீச்சர். எனக்க கை இன்னும் இவ்வளவு விளக்கமா சொல்லக் காணாது. மாமி கேளுங்க."

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் போல.

ஹாஸ்டல். காது கேட்காத பெண்பிள்ளைகள். ஆறு மாசம். கேட்டால் இவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். மூச்சு விடுவதற்குள் ஆமென்று சொல்வாள்.

நான் கையைத் தூக்கினேன். துடுப்புப் போடுகிற மாதிரி காட்டினேன். தண்ணீரைக் காட்டினேன். எச்சில் தட்டம் கழுவுவதைக் காட்டினேன். பூவாறில் படகில் போக வேண்டிய ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறாயா என்று கேட்டேன். என் மகளுக்கு ஆற்றுத் தண்ணீர் என்றால் பயம். படகைக் கண்டால் கரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். முகம் சுருங்கி, தாடைக்கு அடியில் சுண்டினாள். வேண்டாம். இரண்டு தடவை சுண்டினாள்.

"வேண்டாமாக்கும்" என்றேன்.

அந்தச் சுண்டல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடுத்த வீட்டுக்காரியின் முகம் விழுந்துவிட்டது. "மாமி என்னமோ துடுப்பு போட்டதுபோல காட்டுனியளே?"

"அது தூரமுண்ணு அர்த்தம் மக்கா."

எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: நான் கள்ளம் சொல்லவில்லை, அவள் வேண்டாம் என்றுதான் காட்டினாள். அன்று மாலை மகளுக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறியும் வைத்தேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டது போல இருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

இரண்டு மாதம் ஓடிற்று. ஒரு சனிக்கிழமை கஞ்சி வடித்துக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மகள், டீச்சர், அடுத்த வீட்டுக்காரி. மகளின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தேன்.

மகள் துடுப்புப் போட்டாள். தண்ணீர் காட்டினாள். தட்டம் கழுவினாள். பிறகு அடுத்த வீட்டுக்காரியைச் சுட்டி, இவளா இதைக் கேட்டது என்று என்னிடம் கேட்டாள்.

நான் கீழே வைத்த மூடியைத் திரும்ப எடுத்தேன்.

"மாமி" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. அவள் குரல் உயரவில்லை. "ஏன் வேண்டாமுண்ணு சொன்னதுண்ணு இண்ணைக்கு டீச்சர் அக்காட்ட கேட்டா. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணைக்கு மாமி என்ன கேட்டிய?"

"நான் கேட்டது கேட்டாச்சு."

"ரெண்டு மாசமா அக்காவுக்கு நம்ம பிள்ளையள இஷ்டமில்லண்ணு நெனச்சேன். வேற ஒருத்திய அனுப்பப் பாத்தேன். இப்பிடிச் செய்யலாமா மாமி?"

வாழ்க்கையில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். சாப்பாட்டுக்கு இருந்த தாய்மார் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒனக்க மவனுக்கு வாய் கெடச்சு. ஒனக்கு கட்டிடம் கெடச்சு, வேன் கெடச்சு, ஊரெல்லாம் பேர் கெடச்சு. எனக்கு இவளுக்க கை மட்டுந்தான் உண்டு. அதயும் நீ எடுக்கணுமா?"

மகள் என் வாயைப் பார்த்துவிட்டு, நான் கத்தியது மட்டும் தெரிந்து, அடுத்த வீட்டுக்காரியிடம் திரும்பினாள். அம்மை என்ன சொன்னாள் என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டாள்.

"அத சொல்லாத பிள்ளே" என்றேன்.

"மாத்திச் சொல்ல எனக்குத் தெரியாது மாமி" என்றாள். சொல்லிவிட்டு, தட்டுத்தடுமாறி, விட்ட இடத்தில் டீச்சரைப் பார்த்துத் திருத்தி, நான் சொன்ன அத்தனையையும் அவளுக்குச் சொன்னாள். வாய், கட்டிடம், வேன், கை.

மகள் புதுக் கையில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் மகள் சொன்னதை எனக்கு இன்னொருத்தி சொல்லித் தந்தாள்.

"இதுபோல வேற எதெல்லாம் மாத்திச் சொன்னாண்ணு கேக்குகா மாமி."

வயிற்றுவலி என்று நான் காட்டிய அந்தப் பிள்ளையின் ஓர்மை எனக்கு வந்தது. அது போகட்டும். அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது. அதை அவள் அப்பனிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எங்கள் பழைய கையில், மற்ற இரண்டு பேருக்கும் தெரியாத கையில் சொன்னேன்.

அவளுக்கு ஆறு வயதில் சிட்டியில் காது கேட்காத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்குக் கொண்டுபோனேன். அப்பன்தான் கெஞ்சி இடம் வாங்கியிருந்தார். வேலை இருந்ததால் என்னை அனுப்பினார். முற்றத்தில் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. என் விரலைப் பிடித்திருந்தவள் விரலை விட்டுவிட்டு அவர்களுக்குள் ஓடினாள். அழுவாள், திரும்புவாள் என்று கேட் பக்கம் நின்றேன். மத்தியானம் போயிற்று, வெயில் சாய்ந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கையைக் கடித்தாள். பாறசாலை வரைக்கும் அலறினாள். வீட்டில் அப்பனிடம், பிள்ளை அங்கே நிற்க மாட்டேன் என்று ஒரே அழுகை என்றேன்.

சொல்லி முடித்தபோது அடுப்பில் பயறு அடிப்பிடித்த மணம். யாரும் போய் இறக்கவில்லை.

அவளுக்கு அந்த நாள் ஓர்மை இருந்தது. நீல கேட், காட்டினாள். குழாயடி, காட்டினாள். பிறகு எங்கள் கையிலேயே, மெதுவாக, நான் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது போலச் சொன்னாள்: நான் கடித்ததனால் அந்தப் பள்ளிக்கூடம் என்னைத் துரத்தியது என்று நினைத்தேன். இத்தனை நாளும்.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. காது கேட்கிறவர்கள் கோபித்தால் நாம் இரைந்தாவது சொல்லலாம். நான் கையைத் தூக்கினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு வழியும் இல்லை. அவள் கண் திறக்கிற வரைக்கும் நான் கையைத் தூக்கியபடி நிற்பேன். அவள் திறக்கும்போது பார்வை என் பக்கம் இருக்காது.

நாலாம் நாள் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். மகளைத்தான் பார்க்க வந்தாள். இரண்டு பேரும் கையால் பேசினார்கள். போகும்போது என்னிடம், "வெள்ளிக்கிழமை போறோம் மாமி. நானும் கூட போய் விட்டுட்டு வாறேன்" என்றாள். கொஞ்சம் நின்று, "மாமி கஞ்சிக்கு வரணும் கேட்டியளா. அத விடப்பிடாது" என்றாள். அவளுடைய அந்த நல்ல குணத்தைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எனக்கு அது இல்லையே என்று.

வெள்ளிக்கிழமை மகள் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். திரும்பி நின்றாள். ராத்திரி போடுகிற மாத்திரையை மறக்காதே, கிணற்றடி வழுக்கும், பார்த்து நட என்று காட்டினாள். வேறு ஒன்றும் இல்லை. தாடையையும் தொடவில்லை, மூக்கையும் தொடவில்லை. நான் அம்மை என்று எந்தக் கையிலும் சொல்லாமல் போனாள்.

முதல் மாதம் அவள் வீட்டுக்கும் வரவில்லை, போனிலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அடுத்த வீட்டுக்காரிதான் வீடியோவில் பேசிவிட்டு, "சுகமா இருக்கா மாமி" என்பாள். இரண்டாம் மாதம் போனை என் பக்கம் திருப்பச் சொன்னாளாம். பின்னால் நாலைந்து பெண்பிள்ளைகள் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மின்னல் வேகத்தில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பியதும் கையின் வேகத்தைக் குறைத்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாப்பிட்டேன். தூங்குகிறேன். மழை. நானும் அப்படியே சொன்னேன். அந்தப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒருத்தி அவள் தோளில் கை போட்டிருந்தாள்.

ஆறு மாதம் முடிந்து வந்து, இப்போது சென்டரில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு அவளுக்கு. ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்து நெய்யாற்றின்கரை ரோட்டில் இரண்டு மாடியில் சொந்தக் கட்டிடம் வந்துவிட்டது. எனக்கு அங்கே பெரிய அடுக்களை. மகள் வீட்டில்தான் இருக்கிறாள். பேசுகிறாள். ஆனால் என் வழியாக யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கடையில் எழுதிக் காட்டுகிறாள். டாக்டரிடம் போனில் காட்டுகிறாள். நான் கூடப் போனால், பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வாரம் குளத்தூரிலிருந்து ஒரு புதுத் தாய் வந்திருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளை. மலையாளம் மட்டும் தெரிந்த பெண். மகள் பிள்ளையின் முன்னால் தரையில் இருந்து ஏதோ காட்டினாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துச் சிரித்தது. பிறகு மகள் தலையைத் தூக்கி அந்தத் தாயிடம் ஏதோ சொன்னாள். தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. நான் டீச்சருக்க அம்மை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சாயா கொண்டு போன என்னிடம் திரும்பினாள்.

"மாமி, மோளு எந்தா பறயுன்னே?"

என்ன சொல்லுகா என்ற அதே பழைய கேள்வி, மலையாளத்தில். மகளும் என்னைப் பார்த்தாள்.

பாதி எனக்குப் பிடிபட்டிருந்தது. மீதியை நான் உண்டாக்கிச் சொல்லியிருப்பேன், முன்பென்றால். அந்தப் பெண் நம்பியிருப்பாள். இரண்டு பேர் முகமும் என் பக்கம் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு இஷ்டமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"எனக்கு அறியாது மோளே" என்றேன். "அவளோட கேளு."

அந்தத் தாய் மகளிடம் திரும்பினாள். கையும் முகமும் வைத்து என்னவோ கேட்டாள். என் மகள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, இரண்டு தடவை பதில் சொன்னாள். தாய் அழுதாள், பிறகு சிரித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சாயாவை அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கஞ்சிக்கு நேரமாகியிருந்தது.